உங்களுக்குத் தெரியுமா? எட்ஜ் ஃபைண்டருக்கும் ஒரு வேகம் உண்டு

மில்லிங் மெஷினில் இரும்புத் துண்டின் விளிம்பைக் கண்டுபிடித்துத் தரும் எட்ஜ் ஃபைண்டர் எதையும் வெட்டுவதில்லை. ஆனாலும் அதைச் சுற்றவிட ஒரு வேகம் இருக்கிறது: நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 முதல் 1,000 சுற்று.

அதன் இரண்டு பாகங்களையும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது. சுற்றத் தொடங்கும்போது கீழ்முனை தள்ளாடும். டேபிளை மெல்ல நகர்த்தினால், விளிம்பில் உரச உரச ஆட்டம் அடங்கி முனை நேராகிவிடும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். இன்னும் ஒரு மயிரிழை நகர்த்துங்கள். முனை சட்டென்று பக்கவாட்டில் விலகும். அந்த நொடிதான் கணக்கு. 10 மில்லிமீட்டர் முனை என்றால், ஸ்பிண்டிலின் மையம் விளிம்பிலிருந்து சரியாக 5 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது.

வேகம் மிகவும் குறைந்தால் இந்த விலகல் மந்தமாகிக் கண் ஏமாறும். முந்தைய வேலைக்கு வைத்த 2,000, 3,000 சுற்றிலேயே ஓட்டிவிட்டால், மையவிலக்கு விசை முனையை வெளியே வீசி ஸ்பிரிங்கை நீட்டிவிடக்கூடும். பிறகு அந்தக் கருவியை நம்ப முடியாது. பந்திங், ஓலாக் லெம்பிட் வட்டாரப் பட்டறைகளில் வேலைக்குச் சேரும் இளையோர் முதல் வாரத்திலேயே வேகத்தைச் சரிபார்த்து ஓட்டுவதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

உருண்டை முனையும் சிறு விளக்கும் கொண்ட எலெக்ட்ரானிக் வகை வேறு. அதை ஸ்பிண்டிலை நிறுத்தி வைத்தே பயன்படுத்தலாம். உலோகத்தைத் தொட்டதும் விளக்கு எரியும்.