தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தைப் படம்பிடிக்கும் லேசர்

தீக்காயத்தில் மேல்தோல் மட்டும் வெந்திருந்தால் தானாக ஆறிவிடும். முழு ஆழத்துக்கும் வெந்துபோயிருந்தால், உடலில் வேறிடத்திலிருந்து தோலை எடுத்து ஒட்டியாக வேண்டும். இந்த இரண்டையும் மருத்துவர் பார்த்ததுமே சொல்லிவிடுவார். சிக்கல் நடுத்தர ஆழமுள்ள காயத்தில்தான். அது ஆறுமா, ஆறாதா என்று கண்ணால் பார்த்துக் கணிப்பதில், அனுபவமுள்ள மருத்துவர்களுக்கும் நூற்றுக்கு 60 முதல் 75 வரைதான் சரியாக அமைகிறது.

விடை ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. அடித்தோலின் நுண்குழாய்களில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் காயம் ஆறும். அந்த ஓட்டத்தைக் காயத்தைத் தொடாமலே காட்டுகிறது லேசர்.

வலுக் குறைந்த லேசர் ஒளி தோலுக்குள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை புகுந்து, சிதறித் திரும்புகிறது. அசையாத திசுவில் பட்ட ஒளியின் அதிர்வெண் மாறுவதில்லை. ஓடும் சிவப்பணுவில் பட்ட ஒளியில் மட்டும் இம்மியளவு மாற்றம் வருகிறது. சிவப்பு ஒளி நொடிக்கு 400 லட்சம் கோடி தடவைக்கு மேல் அதிர்கிறது; மாற்றமோ சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். மாறிய ஒளியும் மாறாத ஒளியும் உணர்கருவியில் சேர்ந்து விழும்போது எழும் துடிப்பை வைத்து அதைக் கண்டுபிடிக்கிறார்கள். இதுதான் லேசர் டாப்ளர்.

கதிர் காயத்தின் மேல் வரிவரியாக நகர்ந்து ஒரு வண்ணப்படத்தைத் தீட்டுகிறது. சிவப்பாகத் தெரியும் இடம் 14 நாளுக்குள் ஆறிவிடக்கூடியது. நீலம் 21 நாளுக்கு மேலும் இழுக்கும். காயம்பட்ட முதல் இரண்டு நாளில் ரத்த ஓட்டம் நிலையாக இருக்காது என்பதால், 48 மணி நேரம் கழித்து, ஐந்து நாளுக்குள் படமெடுக்கிறார்கள். ஆழம் சந்தேகமாக உள்ள காயங்களுக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்தலாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2011-இல் பரிந்துரைத்தது.

வரிவரியாக நகரும் முறையில் நேரம் பிடிக்கும். வேகமான வழி ஒன்று உண்டு.

லேசர் ஒளியைச் சுவரில் விரித்துப் பார்த்தால், கறுப்பும் வெளிச்சமுமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள் மின்னும். ஒளியலைகள் ஒன்றோடொன்று மோதிக் கூடுவதாலும் கழிவதாலும் வரும் கோலம் அது. தோலில் விழும்போது, அடியில் ஓடும் சிவப்பணுக்கள் அந்தப் புள்ளிகளைக் கலைத்துக்கொண்டே இருக்கின்றன. சில மில்லிநொடி திறந்திருக்கும் கேமராவில், ஓடும் குழந்தையை எடுத்த படம்போல, ரத்தம் வேகமாகப் பாயும் இடம் கலங்கிவிடும். ஓட்டம் குறைந்த இடத்தில் புள்ளிகள் தெளிவாக நிற்கும். கலங்கலின் அளவே ஓட்டத்தின் அளவு. ஆய்வாளர்கள் ஃபெர்ஷரும் பிரையர்ஸும் 1981-இல் விழித்திரைக்காக இதைச் சொன்னபோது கையில் இருந்தது ஃபிலிம். டிஜிட்டல் கேமராவும் கணினியும் வந்த பிறகு, ஓட்டத்தை நடக்கும்போதே திரையில் பார்க்க முடிந்தது.

ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் சோதனை இதை நன்றாகக் காட்டும். மேல்கையில் பி.பி. பட்டையைக் கட்டி இறுக்கியதும், திரையில் உள்ளங்கை நீலமாகிறது. சில நிமிடங்கள் கழித்துப் பட்டையைத் தளர்த்தினால், தடைபட்டிருந்த ரத்தம் பாய்ந்து, விரல்கள் முன்பிருந்ததைவிடச் சிவந்து, மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்குத் திரும்புகின்றன. எவ்வளவு சிவக்கிறது, எவ்வளவு நேரத்தில் தணிகிறது என்பதிலிருந்து நுண்குழாய்களின் ஆரோக்கியம் தெரிகிறது.

ஆனால் நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று இந்தக் கருவி சொல்லாது. அது பார்ப்பது அசைவை மட்டுமே. ஆகவே ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடும், முன்பிருந்ததைப் பின்பிருப்பதோடும் ஒப்பிடத்தான் உதவும். விரல் நடுங்கினால்கூட, ரத்தம் பாய்வதாகவே கணக்கில் சேர்ந்துவிடும்.

மூளை அறுவை சிகிச்சையில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் மூளையே அசைகிறது. அமெரிக்காவில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளியின் ஈ.சி.ஜி.யையும் சேர்த்துப் பதிவு செய்து, துடிப்பால் வந்த அசைவைப் படத்திலிருந்து நீக்கினார்கள். ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்க்கும் முறையில் ஒவ்வொரு தடவையும் ஊசி போட்டாக வேண்டும். லேசர் முறைக்குச் சாயம் தேவையில்லை. மண்டையோட்டைத் திறந்திருக்கும் நேரம் முழுவதும் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.