காயலான் கடைக்கு ஒரு பாடம்

1987 செப்டம்பர் 13. பிரேசில் நாட்டின் கோயானியா நகரம். வேறிடத்துக்கு மாறிப்போயிருந்த ஒரு புற்றுநோய் சிகிச்சை மையத்தின் இடிந்த கட்டடத்துக்குள் இரண்டு பேர் நுழைந்தார்கள். உள்ளே ஒரு கதிர்வீச்சு இயந்திரம் கேட்பாரற்றுக் கிடந்தது. நல்ல கனம், நல்ல விலை போகும் என்று அதன் தலைப்பகுதியைக் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே, சின்ன உலோக உறை ஒன்றில், 93 கிராம் சீசியம் குளோரைடு இருந்தது.

சில நாளில் அது காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ராத்திரியில் அதிலிருந்து நீல ஒளி வருவதைக் கண்ட கடைக்காரர் அதிசயப் பொருள் என்று வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். அரிசியளவுத் துணுக்குகள் உறவுக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் போயின. சிலர் அந்தப் பொடியை உடம்பில் பூசி மினுக்கிக்கொண்டார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பொடி ஒட்டிய கையோடு சாப்பிட்டாள்.

வீட்டில் ஒவ்வொருவராக வாந்தியில் விழுந்தபோது மருத்துவர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. கண்டுபிடித்தவர் கடைக்காரரின் மனைவி. அந்தப் பொருள் வீட்டுக்குள் வந்த பிறகுதான் எல்லாரும் படுக்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். கடை ஊழியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, மிச்சமிருந்ததைப் பையில் போட்டு, பஸ் ஏறி, செப்டம்பர் 28 அன்று சுகாதார அலுவலகத்தில் மருத்துவரின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தார். தன் குடும்பத்தை இதுதான் கொல்கிறது என்றார். மறுநாள் ஓர் இயற்பியலர் கதிர்வீச்சு அளவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். முள் எல்லை தாண்டி ஓடியதைப் பார்த்துக் கருவிதான் பழுது என்று நினைத்து, திரும்பிப் போய் இன்னொன்றை எடுத்துவந்தார். அதற்குள் தீயணைப்புத் துறையினர் அந்தப் பையை ஆற்றில் வீசிவிடத் தயாராகியிருந்தார்கள். நல்லவேளை, அவர் தடுத்துவிட்டார்.

அறிவியல் கல்வி பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்மணியின் நினைவுதான் வருகிறது. கையில் கருவி இல்லை, பாடநூல் இல்லை. பார்த்ததை இணைத்து யோசித்தார். அந்தப் பை ஊருக்குள் இன்னும் சுற்றாமல் நின்றது அவரால்தான். ஆனால் அவர் பிழைக்கவில்லை. அந்தச் சிறுமியும் கடையின் இரண்டு ஊழியர்களும் பிழைக்கவில்லை.

அடுத்து வந்தது பயம். ஒலிம்பிக் மைதானத்தில் சுமார் 1,12,000 பேரைச் சோதித்தார்கள். 249 பேரிடம் கதிரியக்கப் பொருள் ஒட்டியிருந்தது அல்லது உள்ளே போயிருந்தது. மற்றவர்களும் தப்பவில்லை. கோயானியாக்காரர் என்றாலே வெளியூர் விடுதிகளில் இடம் மறுத்தார்கள். சோதனைச் சான்றிதழ் கேட்டார்கள். ஈயப் பெட்டியில் வைத்து அந்தச் சிறுமியை அடக்கம் செய்யப் போனபோது, மயான பூமி கெட்டுவிடும் என்று கூட்டம் கல்லெறிந்தது. இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை.

பொடியைப் பூசிக்கொண்டதும் சவப்பெட்டிமீது கல்லெறிந்ததும் ஒரே அறியாமையின் இரண்டு முகம். வெயிலில் நின்றவர் வீட்டுக்குள் வெயிலைக் கொண்டுவருவதில்லை. மஞ்சள்பொடி கொட்டிக்கொண்டவரோ தொட்ட இடமெல்லாம் மஞ்சளாக்குவார். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் முதல் வகை. அவரைத் தொடலாம், கட்டிப்பிடிக்கலாம். சீசியப் பொடி ஒட்டியவர் இரண்டாம் வகை. அவரையும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிச் சுத்தம் செய்யலாம். உள்ளே போனதை வெளியேற்றப் பிரஷ்யன் நீலம் என்ற மருந்து உண்டு. கோயானியாவில் அதைத்தான் கொடுத்தார்கள். ஈயத்துக்கும் கான்கிரீட்டுக்கும் அடியில் போன உடம்பு யாரையும் ஒன்றும் செய்யாது.

பத்தாம் வகுப்பில் அணுக்கரு இயற்பியல் படித்த பிள்ளை ஆல்பா, பீட்டா, காமா என்று ஒப்பிக்கும்; அரை ஆயுள் காலக் கணக்கும் போடும். மேலே சொன்ன வேறுபாட்டைக் கேட்டுப் பாருங்கள். அங்கேதான் பாடம் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

பள்ளிக்கூடத்தோடு நிறுத்தவும் முடியாது. 2010இல் டெல்லி மாயாபுரி காயலான் கடைகளில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் பிரிபட்டு ஒரு தொழிலாளி இறந்தார். அது எங்கிருந்து வந்தது? டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை ஏலத்தில் விற்ற பழைய ஆய்வுக் கருவியிலிருந்து. 1985க்குப் பிறகு யாரும் பயன்படுத்தாமல் கிடந்த கருவி. பட்டம் பெற்றவர்கள் நிறைந்த இடத்திலேயே, உள்ளே இருப்பது என்ன என்ற நினைவு அற்றுப்போயிருந்தது.

மூன்று இதழ் கொண்ட கதிரியக்கச் சின்னம் 1946இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தது. தெரியாதவர் கண்ணுக்கு அது ஏதோ காற்றாடி. அதனால் சர்வதேச அணுசக்தி முகமை இந்தியா உள்ளிட்ட 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிப் பார்த்து, 2007இல் கூடுதலாக ஒரு சின்னத்தைக் கொண்டுவந்தது: சிவப்புப் பின்னணி, மேலே கதிர்கள், ஒரு மண்டையோடு, ஓடும் மனிதன். கருவியின் வெளிப்புறத்தில் இதை ஒட்ட மாட்டார்கள். பிரிக்கத் தொடங்கினால் மட்டுமே தெரியும்படி உள்ளுறைமேல் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியவேண்டும் என்று வரைந்த படம் இது. ஆனாலும் ஒருமுறையாவது யாராவது காட்டிச் சொல்லியிருந்தால் சுத்தியலைப் பிடித்த கை இன்னும் சீக்கிரம் நிற்கும். அரசு அலுவலகங்களும் கல்லூரிகளும் பழைய சாமான் ஏலம் விடும் நாளில், ஏலம் எடுக்க வந்தவர்களுக்கு இந்தப் படத்தை அச்சடித்துக் கொடுக்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு தாள்.

(தொடரும்)