சராசரி மறைப்பதை ஒளி காட்டும்

தனிநபர் சராசரி வருமானம் உயர்ந்ததாலேயே எல்லா வீட்டிலும் அடுப்பு எரிகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பது, பொருளாதாரம் கற்பித்த காலத்தில் மாணவர்களுக்கு நான் ஓயாமல் சொன்ன எச்சரிக்கை. அடுப்புச் சுடருக்கும் அது பொருந்தும் என்பதை ஓய்வுபெற்ற பிறகே அறிந்தேன்.

எரிபொருளும் காற்றும் மொத்தத்தில் சரியான விகிதத்தில் இருந்தால் போதாது. ஒவ்வோர் இடத்திலும் நன்கு கலந்திருக்க வேண்டும். எரிபொருள் மிகுந்த இடத்தில் கரியும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். வெப்பம் மிகுந்த இடத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். கண்ணுக்குப் புலப்படாத இந்தக் கலப்பை எப்படிக் காண்பது? குழாயை நுழைத்து மாதிரி எடுத்தால் ஓட்டமே கலைந்துவிடும்.

இதற்கு அறிவியல் கண்ட வழி, லேசர் தூண்டிய ஒளிர்வு. நகப்பூச்சை அழிக்கப் பயன்படும் அசிட்டோனின் ஆவியை வாயுவில் சிறிதளவு கலக்கிறார்கள். 266 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா லேசர் கற்றையை, வில்லைகளின் உதவியால் மெல்லிய தாள்போல விரித்து, ஓட்டத்தின் குறுக்கே செலுத்துகிறார்கள். அதை உறிஞ்சும் அசிட்டோன் மூலக்கூறுகள் நீல ஒளியை உமிழ்கின்றன. லேசரின் ஒரு துடிப்பு, நொடியில் ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரமே நீடிப்பதால், விரைந்தோடும் வாயுவும் உறைந்து நிற்பதுபோலப் படத்தில் பதிகிறது. வெப்பநிலையும் அழுத்தமும் சீராக இருந்தால், ஒளி மிகுந்த இடத்தில் அந்த வாயுவும் மிகுந்திருக்கிறது என்று பொருள். சுடருக்குள் அசிட்டோன் எரிந்துபோகும். அங்கு, எரியும்போது தானே தோன்றும் ஹைட்ராக்சில் மூலக்கூறை ஒளிரச் செய்து சுடரின் எல்லையைக் காண்கிறார்கள்.

அபிராமபுரத்திலிருந்து அடையாற்றைக் கடந்தால், சென்னை ஐஐடி வளாகத்தில் தேசிய எரிதல் ஆராய்ச்சி, மேம்பாட்டு மையம் இருக்கிறது. மத்திய அரசின் அறிவியல், தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியால் உருவான மையம் அது. எரிதலை நுணுகி ஆராயும் இத்தகைய மையங்களின் தேவையை விண்வெளித் துறையிலும் காணலாம். 2016 ஆகஸ்ட் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய ராக்கெட்டில் ஸ்கிராம்ஜெட் எஞ்சின்கள் 5 விநாடிகள் இயங்கின. ஒலியை விஞ்சும் வேகத்தில் பாயும் காற்றில், ஹைட்ரஜன் மில்லி விநாடிகளுக்குள் கலந்து எரிந்தாக வேண்டும். அங்கே கலப்பு பிழைத்தால் எஞ்சினே இல்லை.

இத்தகைய ஆய்வுக் கருவிகள் விலையுயர்ந்தவை. பலனோ உடனே கைக்கு வராது. கிடைக்கும் அறிவு முதலிட்டவருக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் பயன்படும் என்பதால், தனியார் போதிய அளவு முன்வருவதில்லை. பொதுப் பண்டத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. கச்சா எண்ணெய்த் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு, எரிபொருள் எங்கே வீணாகிறது என்று பார்ப்பதற்கான செலவைச் சுமையாகக் கருதலாகாது.