மடிநோய் கண்ட பசுவின் பால் ஏன் கரிக்கிறது?

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் லயங்களை ஒட்டி மாடு வளர்த்த தமிழர்க்குப் பழக்கமான மடிநோய், காம்புத் துளை வழியே புகும் நுண்ணுயிர்களை எதிர்க்க இரத்த வெள்ளையணுக்கள் மடியில் திரள்வதால் உண்டாகும் அழற்சியாகும். சுரப்புத் திசு சிதைந்து பாலின் இனிப்புச் சத்தான லாக்டோசு குறைய, இரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் கசிந்து கலப்பதால் பால் கரிக்கிறது. தயிரை இறுகச்செய்யும் கேசின் புரதத்தை பிளாஸ்மின் என்னும் நொதி அறுப்பதால், எவ்வளவு நல்ல உறை ஊற்றினாலும் தயிர் தளர்ந்தே நிற்கும்.

வீக்கம் தெரியாத மறைநோயே கூடுதல் இழப்பைத் தருவது. நலமான மடியில் பொதுவாக மில்லிலிட்டருக்கு 2 லட்சத்துக்கும் குறைவாக இருக்கும் வெள்ளையணுக்கள் பெருகிவிட்டிருந்தால், கறந்த பாலில் சோப்புக் கரைசலைக் கலந்து சுழற்றியதும் அவை உடைந்து, வெளிப்படும் டிஎன்ஏ கலவையைக் கொழகொழப்பாக்கிக் காட்டிக்கொடுக்கும். காய்ச்சினால் கிருமிகள் சாகும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி ஏற்கெனவே சுரந்துவிட்ட நஞ்சோ கொதிக்கும் பாலிலும் அழிவதில்லை.