தப்பும் உறுமியும் கைத்தொலைபேசியில்

வீட்டு வாலிபப் பிள்ளை இரவு பத்து மணிக்கு மேல் காதில் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு, மடிக்கணினி முன்னால் தலையை ஆட்டிக்கொண்டிருந்தால், ஏதோ வீண் விளையாட்டு என்றுதான் பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். விளையாட்டாக இருக்கலாம், பாட்டுக்கு இசை கட்டுவதாகவும் இருக்கலாம். முன்பெல்லாம் ஒரு பாட்டைப் பதிய வேண்டுமென்றால் பட்டணத்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் மணிக்கு இவ்வளவு என்று வெள்ளியை எண்ணி வைக்க வேண்டும். இன்று பழைய கணினியும் இலவச மென்பொருளும் இருந்தால் லயத்து வீட்டிலும் தாமான் வீட்டிலும் அந்த வேலை நடக்கிறது.

இதற்கு மூலப்பொருள் ஒலித்துணுக்கு. பிள்ளைகள் 'சேம்பிள்' என்பார்கள். ஒரே ஒரு தப்படி, ஒரு மணியோசை, ஒரு கைத்தட்டல், அவ்வளவுதான். அதை வெட்டி, அடுக்கி, திரும்பத் திரும்ப வரச் செய்து தாளமாக்குகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கோயில் திருவிழாவில் தப்புச் சத்தம் கேட்டே வளர்ந்த பிள்ளை, அதே தப்பின் ஓசையை இணையத்தில் காசு கொடுத்து வாங்குகிறான். எங்கோ, யாரோ, குளிரூட்டிய அறையில் அடித்த தப்பு அது. அதைத்தான் நூறு பேர் வாங்கியிருப்பார்கள். நூறு பாட்டும் ஒரே மாதிரி ஒலிக்கும். நம் ஊர் உறுமியோ பக்கத்துக் கொட்டகையில் சும்மா தொங்குகிறது.

கேட்கிற சத்தத்தையே இசையாக்குவது புதிய சங்கதி அன்று. 1948-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியேர் ஷேஃபர் என்பவர், இரயில் எஞ்சின்களின் ஓசையைப் பதிந்து, இசைத்தட்டில் சுழலவிட்டு ஒரு படைப்பை உருவாக்கினார். அவர் அப்போது ஒலிநாடாவைக்கூடப் பயன்படுத்தவில்லை. 1979-இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ஃபேர்லைட் என்ற கருவி, பதிந்த எந்த ஓசையையும் விசைப்பலகையில் வாசிக்க வைத்தது. அதன் விலை சாமானியர் நெருங்க முடியாதது. அந்த வேலையைச் செய்யும் பொருள் இன்று நம் பையில் கிடக்கிறது.

நிற்க. எப்படிப் பதிவது?

முதலில் கைத்தொலைபேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றுங்கள். நல்ல அடி விழுகிற நேரத்தில் மாமா அழைத்தால் எல்லாம் கெட்டது. ஒலிப்பதிவுச் செயலியில் 'வேவ்' என்ற வகை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். எம்.பி.3 இடத்தை மிச்சப்படுத்த ஒலியின் சில பகுதிகளைக் கழித்துவிடும். பின்னால் வெட்டி ஒட்டும்போது அந்தக் குறை காதில் படும். விநாடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகள் என்ற அளவு போதும். மனிதக் காது கேட்கும் எல்லை ஏறத்தாழ 20,000 அதிர்வு. அதற்கு இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் ஓசை முழுதாகக் கிடைக்கும்.

தப்பு பலத்த சத்தம் போடும் கருவி. கிட்டத்தில் வைத்தால் ஒலி உச்சியில் முட்டி 'கரகர' என்று உடைந்து போகும். உடைந்த ஒலியைச் சரியாக்க எந்த மென்பொருளாலும் முழுதாக முடியாது. ஆகவே பத்தடி தள்ளி வைத்து ஒரு முறை அடிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குங்கள். காற்றடித்தால் மெல்லிய பருத்திக் காலுறைக்குள் கைத்தொலைபேசியை நுழைத்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், பலன் தெரியும்.

தப்பை நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கிய பிறகுதான் அடிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். காய்ச்சுவதற்கு முன் ஒரு தடவையும், பின் ஒரு தடவையும் பதியுங்கள். மழைக்காலத்துத் தொய்ந்த தோலுக்கு ஒரு குரல், சூடேறிய தோலுக்கு வேறு குரல். ஒவ்வோர் அடியையும் தனித்தனியாக, சத்தம் முழுதும் அடங்கும் வரை காத்திருந்து எடுக்க வேண்டும். மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று விதம். ஒவ்வொன்றிலும் நான்கைந்து அடி. ஒரே அடியைப் பாட்டு நெடுகத் திருப்பிப் போட்டால் மில் இயந்திரம் ஓடுவதுபோல் இருக்கும். மனிதன் அடிக்கும் இரண்டு அடி ஒருபோதும் ஒன்றாக இராது.

உறுமிக்கு இந்த முறை மட்டும் போதாது. ஒரு பக்கத்தைக் குச்சியால் தட்டுவதைத் துண்டு துண்டாக எடுக்கலாம். மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழுகிற அந்த முனகல் இருக்கிறதே, அது ஏறி இறங்கி வழுக்கிக்கொண்டே போவது. அதை வெட்டினால் உயிர் போய்விடும். எனவே வாசிப்பவரைத் தம் போக்கில் இரண்டு மூன்று நிமிடம் வாசிக்கவிட்டு முழுதாகப் பதிவதே நல்லது.

தைப்பூசத்தன்று பத்துமலையில் போய்ப் பதியலாமே என்பார்கள். நான் வேண்டாம் என்பேன். பத்துக் குழு ஒரே நேரத்தில் முழங்கும். எதையும் பிரித்தெடுக்க முடியாது. அருள் வந்து ஆடுபவரின் முகத்துக்கு நேரே கருவியை நீட்டுவது மரியாதையும் அன்று. அதற்கு முன் நடக்கும் ஒத்திகைக்குப் போங்கள்.

மேளம் மட்டுமா? தகரக் கூரையில் மழையின் முதல் துளிகள், அந்தியில் சில்வண்டு, செம்பனைக் குலை தரையில் விழும் 'தொப்', வெயிலில் கித்தாக்காய் 'பட்' என்று வெடித்து விதை தெறிப்பது, பெரட்டுக்கு அடித்த பழைய இரும்பு மணி எங்காவது மிஞ்சியிருந்தால் அதன் ஓசை, இவற்றை எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறும்போது மரத்தோடு இந்த ஓசைகளும் போய்விடும்.

இனிச் சொல்லப் போவதைப் பிள்ளைகள் கவனமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் 1969-இல் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற குழு 'ஆமென், பிரதர்' என்று ஒரு பாட்டை இசைத்தட்டின் பின்பக்கத்தில் வெளியிட்டது. நடுவில் கிரிகரி கோல்மன் என்பவர் சுமார் ஏழு விநாடி தனியாக ட்ரம் வாசிப்பார். அந்த ஏழு விநாடியை வெட்டியெடுத்து ஆயிரக்கணக்கான பாட்டுகளில் போட்டுவிட்டார்கள். கோல்மனுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. 2006-இல் வீடுவாசல் இல்லாதவராக இறந்தார். 2015-இல் இசை அன்பர்கள் 24,000 பவுன் திரட்டிக் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். வாசித்தவர் இல்லை.

நம் ஊர் உறுமிக்காரரும் அப்படிப் போக வேண்டாம். வெற்றிலை பாக்கோடு போய், "ஐயா, இதை என் பாட்டில் சேர்க்கப் போகிறேன்" என்று விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். முடிந்த தொகையைக் கையில் வையுங்கள். சம்மதத்தை நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு வெளியாகும்போது அவர் பெயரும் வரட்டும். சினிமாப் பாட்டிலிருந்து வெட்டுவது வேறு கதை. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இசையையும் ஒலிப்பதிவையும் பாதுகாக்கிறது. 2005-இல் பார்சலோனாவில் தொடங்கிய 'ஃப்ரீசவுண்ட்' போன்ற இலவசக் களஞ்சியத்திலும், ஒவ்வோர் ஒலிக்கும் என்ன நிபந்தனை என்று படித்துவிட்டே எடுக்க வேண்டும்.

பதிந்ததை 'ஒடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் வெட்டலாம். மூலப்பதிவை அப்படியே தனியாக வைத்துக்கொண்டு, நகலில் மட்டும் கை வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் முக்கியம்: கருவி, வாசித்தவர், இடம், தேதி. 'புதுசு-2' என்று பெயரிட்டால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே விளங்காது. வேறொரு பேனா நினைவகத்திலும் ஒரு படி போட்டு வையுங்கள்; இன்னொரு படியை உறுமிக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.