வில்லன் தண்ணீரில் கரைந்திருக்கிறான்

ஷங்கரின் ‘2.0’ (2018) படத்தில் சென்னைவாசிகளின் கைபேசிகள் கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு பறக்கும். பிறகு ஒன்றுசேர்ந்து ராட்சதப் பறவையாகி ஊரையே உலுக்கும். செல்போன் கோபுரக் கதிர்வீச்சால் பறவைகள் அழிகின்றன என்பதுதான் கதை. படம் வெளியாகும் முன்பே செல்போன் நிறுவனங்களின் கூட்டமைப்பு தணிக்கை வாரியத்துக்குப் புகார் அனுப்பியது. கூட்டமைப்பின் அக்கறை எதில் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் படத்தின் அறிவியல் பலவீனமானதுதான். சிட்டுக்குருவிகள் குறைந்ததற்குக் கோபுரங்களே காரணம் என்று இதுவரை யாரும் நிறுவவில்லை.

ஷங்கருக்கு வந்த சிக்கல் மட்டும் நிஜமானது. மாசைப் படம் பிடிப்பது கஷ்டம். புகையைக் காட்டலாம், நுரை பொங்கும் ஆற்றைக் காட்டலாம், செத்து மிதக்கும் மீனைக் காட்டலாம். ஆனால் ஆளைக் கொல்லும் நஞ்சுகளில் பலவற்றுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இன்று குடித்தது இருபது வருஷம் கழித்துச் சிறுநீரகத்தில் கட்டியாக வரும். சினிமாவுக்கோ வில்லன் வேண்டும். அந்த வில்லன் குழாய்த் தண்ணீரில் கரைந்து கிடக்கிறான் என்றால் இயக்குநர் கேமராவை எங்கே வைப்பார்?

நல்ல இயக்குநர்கள் அதைக் காகிதத்தின் மேல் வைத்தார்கள். மாசு பற்றிய முக்கியமான படங்களை வரிசையாகப் பார்த்தால் இது புரியும். புகையும் நுரையும் அவற்றில் ஓரமாகத்தான் வரும். நடுவில் இருப்பது கோப்பு: உள்சுற்றுக் கடிதம், ஆய்வகக் குறிப்பேடு, கிழித்துப் போடச் சொல்லப்பட்ட தாள். யாருக்கு, எந்த ஆண்டில் தெரியும் என்பதுதான் கதை.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் டாட் ஹேன்ஸ் இயக்கிய ‘டார்க் வாட்டர்ஸ்’ (2019). நாயகன் ராபர்ட் பிலாட், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து வழக்கறிஞர். ரசாயன நிறுவனங்களுக்காக வாதாடுவதுதான் அவருடைய அலுவலகத்தின் பிழைப்பு. 1998இல் மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க்கிலிருந்து வில்பர் டென்னன்ட் என்ற மாட்டுப்பண்ணைக்காரர் அவரைத் தேடிப் பிடிக்கிறார். டென்னன்ட் குடும்பம் டூபாண்ட் நிறுவனத்துக்கு விற்ற நிலம் குப்பைக் கிடங்காகியிருந்தது. அதன் வழியாக வரும் ஓடையில் தண்ணீர் குடித்த மாடுகள், நூற்றைம்பதுக்கும் மேல், ஒவ்வொன்றாகச் செத்தன. உள்ளூர் கால்நடை மருத்துவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். டென்னன்ட் தன் வீடியோ கேமராவில் எல்லாவற்றையும் பதிவு செய்தார். செத்த மாட்டைத் தானே அறுத்து உறுப்புகளை வெளியே எடுத்துக் காட்டி, கறுத்த பற்களைக் காட்டி, கோபத்தோடு பேசிக்கொண்டே போவார். படத்தில் அந்த விவசாயியாக பில் கேம்ப் நடித்திருக்கிறார். பிலாட் அந்த நாடாக்களைப் போட்டுப் பார்க்கும் காட்சிக்குச் சமமான திகில் பல பேய்ப்படங்களில்கூட இல்லை.

1999இல் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் தேர்ந்த மூவர், அரசின் சுற்றுச்சூழல் முகமை தேர்ந்த மூவர் என ஆறு கால்நடை மருத்துவர்கள் ஆராய்ந்து அறிக்கை தந்தார்கள்: பராமரிப்பு சரியில்லை, அதனால்தான் மாடுகள் செத்தன. பிள்ளைப் பருவத்திலிருந்து மாட்டோடு வாழ்ந்தவருக்கு மாடு வளர்க்கத் தெரியவில்லை என்று பொருள்!

அதன் பிறகுதான் காகிதம் வருகிறது. நீதிமன்ற உத்தரவின்பேரில் நிறுவனம் 1,10,000 பக்கங்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பியது. இவ்வளவையும் யார் படிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பும் அதில் இருந்திருக்கலாம். பிலாட் அலுவலகத் தரையில் உட்கார்ந்து, தாள்களைத் தேதி வாரியாக அடுக்கிப் படித்தார். மார்க் ரஃபலோ அந்தக் காட்சிகளில் பெரும்பாலும் குனிந்தே இருப்பார், வசனம் குறைவு. அவர் கண்டுபிடித்த பெயர் பி.எஃப்.ஓ.ஏ. நிறுவனத்துக்குள் இதை சி8 என்பார்கள். நம் வீட்டு நான்-ஸ்டிக் தவாவின் டெஃப்லான் பூச்சைத் தயாரிக்க 1951 முதல் டூபாண்ட் இதை 3எம் நிறுவனத்திடம் வாங்கிவந்தது.

அந்தப் பக்கங்கள் சொன்னவை இவை. விலங்குகளின் ஈரலை இது வீங்கச் செய்கிறது என்று 1961லேயே டூபாண்ட் ஆய்வாளர்களுக்குத் தெரியும். 1981இல் எலிக்குட்டிகளுக்குப் பிறவிக் குறைபாடு வருவதாக 3எம் சொன்னபோது, டூபாண்ட் தன் ஆலையின் பெண் ஊழியர்களுக்குப் பிறந்த ஏழு குழந்தைகளைப் பரிசோதித்தது. இருவருக்குக் கண்ணில் குறைபாடு. வெளியே சொல்லவில்லை. 1984இல் ஊர்த் தண்ணீரை ரகசியமாக எடுத்துச் சோதித்தது, சி8 இருந்தது. அதையும் சொல்லவில்லை.

சட்டம் என்ன செய்தது? இந்த இடத்தைப் படம் வேகமாகக் கடந்துவிடுகிறது. நாம் கொஞ்சம் நிற்கலாம். 1976இல் அமெரிக்கா கொண்டுவந்த நச்சுப்பொருள் சட்டம், ஏற்கெனவே சந்தையில் இருந்த சுமார் 60,000 ரசாயனங்களைச் சோதனை இல்லாமலே தொடர அனுமதித்தது. ஆபத்து தெரிந்தால் நிறுவனமே அரசுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த ரசாயனத்தின் பெயர் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறாது. பட்டியலில் இல்லாததை ஆற்றில் விட்டால் குற்றமும் இல்லை. திருடனே வந்து காவல் நிலையத்தில் சொல்லும்வரை திருட்டு நடக்கவில்லை என்பதுபோன்ற ஏற்பாடு. தகவலை மறைத்ததற்காக 2005இல் டூபாண்ட் அரசோடு 1.65 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதன் வருமானத்தில் அது சில்லறை.

சி8 உடையாமல் இருப்பதற்குக் காரணம் கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்த பிணைப்பு. கரிம வேதியியலின் மிக வலுவான பிணைப்புகளில் ஒன்று அது. வெயிலும் உடைக்காது, நுண்ணுயிரும் உடைக்காது, நம் ஈரலும் உடைக்காது. ரத்தத்தில் ஏறினால் அளவு பாதியாகக் குறையவே சில ஆண்டுகள் ஆகும். (படம் பார்த்துவிட்டுத் தவாவைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. கீறல் விழுந்த பழைய தவாவை மாற்றுவது நல்லதுதான். ஆனால் பார்க்கர்ஸ்பர்க் மக்களுக்கு நஞ்சு வந்தது தவாவிலிருந்து அல்ல, ஆலையின் கழிவிலிருந்து.)

படத்தின் இரண்டாம் பாதி காத்திருப்பு. இந்தத் தண்ணீரைக் குடித்த மக்களோடு டூபாண்ட் 2004இல் செய்துகொண்ட உடன்பாட்டுப்படி, சுமார் 69,000 பேர் ரத்தம் கொடுத்தார்கள். ஆளுக்கு 400 டாலர். மூன்று நோய்ப்பரவல் நிபுணர்கள் ஏழு வருஷம் ஆராய்ந்தார்கள். 2012இல் அறிவிப்பு வந்தது: சிறுநீரகப் புற்று, விரைப் புற்று, தைராய்டு கோளாறு, பெருங்குடல் புண், அதிகக் கொழுப்பு, கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் ஆகிய ஆறுக்கும் சி8க்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம். 2017இல் சுமார் 3,550 வழக்குகளுக்கு 67 கோடி டாலர் கொடுத்துக் கணக்கு முடிக்கப்பட்டது. வில்பர் டென்னன்ட் 2009லேயே இறந்துவிட்டார். குடிநீரில் இந்த ரசாயனம் ஒரு லட்சம் கோடியில் நான்கு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்க அரசு விதித்தது 2024 ஏப்ரலில். டென்னன்ட் பிலாட்டைத் தேடிப் பிடித்ததிலிருந்து 26 ஆண்டுகள்.

‘எரின் பிராக்கோவிச்’ (2000) இதைவிடக் கலகலப்பான படம். ஜூலியா ராபர்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. கலிஃபோர்னியாவின் பாலைவனக் கிராமம் ஹிங்க்லி, அங்கே பி.ஜி. அண்ட் ஈ. என்ற மின்–எரிவாயு நிறுவனத்தின் நிலையம். குளிரூட்டும் கோபுரங்கள் துருப்பிடிக்காமலிருக்க 1952 முதல் 1966 வரை ஆறிணைதிறன் குரோமியம் கலந்த தண்ணீரைப் பயன்படுத்தினார்கள். கழிவைத் தரையில் தடுப்புப் பூச்சு இல்லாத குட்டைகளில் விட்டார்கள். அது நிலத்தடிக்கு இறங்கி வீட்டுக் கிணறுகளுக்கு வந்தது. இங்கும் கதை திரும்பும் இடம் ஒரு தாள்தான். தாள்களைக் கிழித்துப் போடச் சொல்லப்பட்ட முன்னாள் ஊழியர் ஒன்றைக் கிழிக்காமல் வைத்திருக்கிறார். தலைமை அலுவலகத்துக்கு எப்போதோ தெரியும் என்பது அதில் இருக்கிறது.

1996இல் 33.3 கோடி டாலர் இழப்பீடு. அந்தக் காலத்தில் இவ்வகை வழக்குக்கு அது பெரிய தொகை. நாயகிக்குக் காசோலை கிடைப்பதோடு படம் முடிகிறது. ஹிங்க்லியின் கதை முடியவில்லை. நச்சு நீர் நிலத்தடியில் மேலும் பரவியது. நிறுவனம் வீடுகளை விலைக்கு வாங்கி இடித்தது. 2013இல் ஊர்ப் பள்ளிக்கூடமும் மூடப்பட்டது. கலிஃபோர்னியா 2014இல் இந்தக் குரோமியத்துக்கென ஒரு குடிநீர் வரம்பு வைத்தது. 2017இல் நீதிமன்றத் தீர்ப்பால் அது விலக, 2024இல் அதே வரம்பு திரும்ப வந்தது. இவ்வகைப் படங்களின் மேல் எனக்குள்ள முதல் குறை இதுதான். தீர்ப்பு வந்ததும் விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். தண்ணீர் சுத்தமாயிற்றா என்று கேட்பதில்லை.

மினமாட்டா விஷயத்தில் இந்தக் குறை இன்னும் பளிச்சென்று தெரியும். ஜப்பானின் தெற்கே ஒரு மீனவ ஊர். சிஸ்ஸோ ஆலை 1932 முதல் 1968 வரை மீத்தைல் பாதரசத்தைக் கடலில் விட்டது. மீனைத் தின்ற பூனைகள் முதலில் ஆடி விழுந்தன. 1956 மே 1இல் மனிதர்களுக்கும் அந்த நோய் வந்திருப்பது அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆலையின் மருத்துவமனைத் தலைவர் ஹொசொகாவா 1959இல் ஆலைக் கழிவைச் சோற்றில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். குறிப்பேட்டில் அதன் எண் 400. அக்டோபரில் பூனைக்கு வலிப்பு வந்தது. சோதனையை நிறுத்தச் சொன்னது நிர்வாகம். அதே டிசம்பரில் நோயாளிகளுக்குச் சிறு ‘அனுதாபத் தொகை’ கொடுத்து, பின்னால் ஆலைதான் காரணம் என்று தெரிந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டது. பூனையைப் பார்த்த பிறகு எழுதிய ஒப்பந்தம் அது. 1973இல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

ஜானி டெப் நடித்த ‘மினமாட்டா’ (2020) இந்தக் கதையை யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரின் மீட்சிக் கதையாக்கிவிட்டது. ஸ்மித் பெரிய கலைஞர். ஆலை ஆட்களிடம் அடி வாங்கியதும் உண்மை. ஆனால் மக்கள் 1969லேயே வழக்குப் போட்டுவிட்டார்கள். அவர் ஊருக்கு வந்தது 1971இல். அவருடைய புகழ்பெற்ற படம், பிறவியிலேயே பாதரசத்தால் முடங்கிய மகளைத் தாய் குளிப்பாட்டும் படம், பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்கி 1990களில் புதிதாக வெளியிடுவது நிறுத்தப்பட்டது. டெப்பின் படத்தில் அது உச்சக்கட்டமாக வருகிறது. எனக்கு அது உறுத்தியது.

நோரியாகி சுச்சிமோட்டோ 1971இல் எடுத்த ஆவணப்படத்தில் மீட்பர் யாரும் இல்லை. நோயாளிகள் மீன் பிடிக்கிறார்கள், பேசுகிறார்கள், சிஸ்ஸோவின் பங்குகளை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு பங்குதாரர் கூட்டத்துக்குள் போய்த் தலைவரை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறார்கள். ஐம்பது ஆண்டு கழித்து கசுவோ ஹரா எடுத்த ‘மினமாட்டா மண்டலா’ ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ஏனென்றால் வழக்கு இன்னும் ஓடுகிறது. நோயாளிகள்தாம் என்று 128 பேரை ஒசாகா நீதிமன்றம் ஏற்றது 2023இல். 2024 மே 1 அன்று, பாதிக்கப்பட்டோர் சுற்றுச்சூழல் அமைச்சரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, ஒதுக்கிய மூன்று நிமிடம் முடிந்ததென்று அதிகாரிகள் மைக்கை அணைத்தார்கள். அமைச்சர் பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்.

பாதரசத்துக்கு நம் ஊரிலும் கதை உண்டு. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து கொடைக்கானலுக்குப் பெயர்ந்த வெப்பமானி ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பது வெளியானது. ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் பதினைந்து வருஷம் நடையாய் நடந்தார்கள். 2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாடல் காணொளி உலகம் சுற்றியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்காக நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாட்டுதான் ஜெயித்தது என்று எழுதுவது சுலபம். பாட்டுக்கு முன்னால் அந்தத் தொழிலாளர்களின் வருஷக்கணக்கான மனுக்களும் வழக்கும் இருந்தன. 2018இல் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து பாடிய இரண்டாவது காணொளி வந்தது. மண்ணில் எவ்வளவு பாதரசம் மிஞ்சலாம் என்பதில் இங்கிலாந்துக்கு ஓர் அளவு, கொடைக்கானலுக்கு ஓர் அளவா என்பது அதன் கேள்வி.

படம் மக்களைத் தொட்டால் அரசுகள் பதறுவதும் உண்டு. சீனப் பத்திரிகையாளர் சாய் ஜிங் 2015 பிப்ரவரியில் காற்று மாசு பற்றி வெளியிட்ட ‘அண்டர் த டோம்’ ஆவணப்படத்தைச் சில நாட்களில் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். புதிதாகப் பதவியேற்ற சுற்றுச்சூழல் அமைச்சரே பாராட்டினார். ஒரு வாரத்தில் சீன இணையத்திலிருந்து அது காணாமல் போனது.

எதில் தொடங்கலாம் என்றால், ‘டார்க் வாட்டர்ஸ்’. பார்க்கும்போது ஆண்டுகளைக் கவனியுங்கள்: தெரிந்த ஆண்டு எது, சொன்ன ஆண்டு எது? வீட்டில் பிள்ளைகளோடு பார்க்க ‘எரின் பிராக்கோவிச்’ தோது. கெட்ட வார்த்தைகள் நிறைய, பொறுத்துக்கொள்ளுங்கள். டெப்பின் படத்தை விட்டாலும் நஷ்டமில்லை. ‘மினமாட்டா மண்டலா’வை மட்டும் விடாதீர்கள். அது மூன்று பாகமாகவே எடுக்கப்பட்டது. இரவுக்கு ஒன்றாக மூன்று இரவில் பார்த்துவிடலாம்.