முதல் பைனாகுலர்: பறவை நோக்கத் தொடங்குவோருக்கு

பறவை நோக்கலுக்கு வேண்டியவை என்று தொப்பி முதல் தொலைநோக்கி வரை நீண்ட பட்டியல் சொல்லப்படுவது உண்டு. ஆனால், தொடக்க நிலையில் உள்ளவர் யோசித்துப் பணம் செலவிட வேண்டிய பொருள் இருநோக்கி எனப்படும் பைனாகுலர் ஒன்றே. அதை வாங்கச் செல்பவர் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு, கடையில் இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்துகொள்வதுதான் வழக்கமாக நேரும் பிழை.

பைனாகுலரின் மேல் 8×42 என்பது போல இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கத்தையும், இரண்டாம் எண் பறவையை நோக்கியுள்ள முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. உருப்பெருக்கம் கூடும்போது பறவை மட்டுமன்றிக் கைநடுக்கமும் அதே அளவில் பெரிதாகிறது. அதோடு, ஒரே பார்வையில் அடங்கும் பரப்பாகிய காட்சிப்புலம் சுருங்கிவிடுவதால், புளியமரத்துக் கிளைகளுக்கிடையே ஓயாமல் தாவும் கதிர்க்குருவியைக் கருவிக்குள் கொண்டுவருவதே பெரும்பாடாகிவிடும். ஆகவே தொடக்கத்தில் எட்டு மடங்கே ஏற்றது. உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜூம் வகை விளம்பரத்தில் கவர்ந்தாலும், குறைந்த விலையில் கிடைப்பவற்றில் காட்சி மங்கலாகவே இருக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

இரண்டாம் எண் ஒளியைப் பற்றியது. 42 மி.மீ. வில்லை, சட்டைப்பைக்குள் அடங்கும் 25 மி.மீ. வில்லையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கிடைப்பது, கண்வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிவட்டத்தின் விட்டம். 8×42 கருவியில் இது 5.25 மி.மீ. பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் அதிகாலை மங்கலில் கண்மணி விரிந்திருப்பதால், இந்த வட்டம் பெரிதாக இருக்கும் கருவியே அப்போது தெளிவாகக் காட்டும். கருவியைக் கையெட்டும் தொலைவில் நீட்டி, சூரியன் இல்லாத பக்கத்து வானை நோக்கிப் பிடித்தால், கடையிலேயே இவ்வட்டத்தைக் காணலாம். அதன் விளிம்பு முழு வட்டமாக இல்லாமல் சதுரம்போல் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், உள்ளிருக்கும் பட்டகங்கள் சிக்கனமாகச் செய்யப்பட்டவை என்று கொள்ளலாம்.

மூக்குக்கண்ணாடி அணிவோர் கண்வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே அனுமதிக்கப்படும் தொலைவு, அதாவது கண்விலக்கம், 15 மி.மீ. அளவுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் காட்சியின் ஓரங்கள் அவர்களுக்குத் தெரியாமல் போகும். வலக்கண் வில்லையில் உள்ள திருகுவளையம் இரு கண்களின் பார்வை வேறுபாட்டைச் சரிசெய்வதற்கானது. முதலில் வலப்பக்க முன்வில்லையைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருகி இடக்கண்ணுக்குக் காட்சியைத் தெளிவாக்கியபின், இடப்பக்கத்தை மூடி வளையத்தை மட்டும் திருகி வலக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். இதைச் செய்யாமலேயே தலைவலி வருகிறது என்று கருவியைக் குறைகூறுவோர் உண்டு. செய்துகொண்டால், பட்டாணி உப்புக்கொத்தியின் கண்ணைச் சுற்றியுள்ள மெல்லிய மஞ்சள் வளையம்கூடத் துலக்கமாகத் தெரியும்.

தமிழ்நாட்டுக்கு வலசைப் பறவைகள் வந்து சேரும் மாதங்களே வடகிழக்குப் பருவமழைக் காலமாகவும் இருப்பதால், நைட்ரஜன் வாயு நிரப்பி நீர்புகாதபடி அடைக்கப்பட்ட கருவிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவாகாது. ஈரக்காற்றில் வில்லைகளின் மேல் பூஞ்சை படரும்; உறையில் போட்டு அலமாரியில் வைப்பதைவிட, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காற்றுப்புகாத டப்பாவில் வைப்பதே பாதுகாப்பு.

பள்ளிக்கரணை, கோடியக்கரை போன்ற திறந்த நீர்ப்பரப்புகளில் தொலைவில் மேயும் உள்ளான்களை இனம்பிரிக்க முக்காலியில் பொருத்தும் தொலைநோக்கி உதவும் என்றாலும், அதன் விலையும் சுமையும் கருதி அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேமராவுக்கும் இதுவே பொருந்தும். படம் எடுப்பதில் கவனம் போனால் பறவையின் நடத்தை கண்ணில் படாமல் போய்விடும்.

மற்றவற்றுக்குச் செலவு குறைவு. கையேடாக, 1941இல் முதலில் வெளிவந்த சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய நூலோ, க. ரத்னத்தின் ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ நூலோ போதும். கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி கட்டணமின்றிக் கிடைக்கிறது. குரலைக் கேட்டும் அது பெயர் சொல்லும், ஆனால் அது சொல்வதைப் பறவையைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்வதே முறை. கையடக்கக் குறிப்பேட்டில் நாள், இடம், நேரம் ஆகியவற்றோடு அலகின் வடிவம், காலின் நிறம், வால் ஆட்டும் விதம் ஆகியவற்றையும், நூலைப் புரட்டுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்; படத்தைப் பார்த்தபின் எழுதினால், காணாத அடையாளங்களும் குறிப்பில் நுழைந்துவிடும்.